கரமல் ஓட்ஸ் துண்டு: அடுப்படியில் எல்லாருக்கும் வேலை

வணக்கம் நேயர்களே. பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து பொழுதைப் போக்குவது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கோயில், தமிழ்ப் பள்ளி, நீச்சல் வகுப்பு பற்றியெல்லாம் இந்த நிகழ்ச்சியில் மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் அடுப்படிக்குப் போகிறேன். கரமல் வைத்த ஓட்ஸ் துண்டுகள்தான் இன்றைய பேச்சு. ஒரு பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அளவுகளை இடையில் மெதுவாகச் சொல்கிறேன்.

இது எங்கள் ஊர்ப் பலகாரம் இல்லை. பிரிட்டனில் வளரும் பிள்ளைகள் சின்ன வயதிலேயே செய்து பழகுகிற ஃப்ளாப்ஜாக்கின் உறவுக்காரப் பலகாரம் இது. ஃப்ளாப்ஜாக் என்றால் ஓட்ஸ், பட்டர், சீனி, கோல்டன் சிரப் என்கிற பொன்னிறச் சீனிப்பாகு, இந்த நாலையும் கலந்து தட்டில் அமத்தி ஓவனில் வைப்பது. முட்டை அடிக்க வேண்டாம், மா பொங்கும் வரை காத்திருக்க வேண்டாம். என் பேத்தி அதைப் பள்ளிக்கூடத்தில் பழகி வந்து வீட்டில் செய்து காட்டினாள். "நடுவில கரமல் வைச்சா என்ன?" என்று அவளுடைய தம்பி கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் வீட்டில் வெறும் ஃப்ளாப்ஜாக்குக்கு மதிப்புக் குறைந்துவிட்டது.

பிள்ளைகளோடு சமைக்கிறோம் என்று பல வீடுகளில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தாய் எல்லாவற்றையும் செய்து முடிப்பார். பிள்ளை கடைசியில் வந்து மேலே இரண்டு சாக்லேட் பொட்டுத் தூவும். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவார்கள். பிள்ளைக்கு விளங்காதா, தன்னுடைய கை இல்லாமலே அந்தப் பலகாரம் வந்திருக்கும் என்று? பத்து நிமிடத்தில் அது டேப்லெட்டைத் தேடிப் போய்விடும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வேலை கொடுப்பதென்றால், அதைச் செய்யாவிட்டால் பலகாரம் வராது என்கிற மாதிரி வேலையாகக் கொடுங்கள். இந்த ஓட்ஸ் துண்டில் அப்படிப்பட்ட வேலைகள் வயதுக்கு ஒன்றாக இருக்கின்றன.

சரி, அளவுகள். 20 சென்டிமீற்றர் சதுரத் தட்டு ஒன்றுக்குச் சொல்கிறேன். ஓட்ஸ் 200 கிராம். சாதாரண கோதுமை மா 150 கிராம். மண்ணிறச் சீனி 125 கிராம். பட்டர் 175 கிராம், குளிர்ந்ததாக, சின்னத் துண்டுகளாக வெட்டி. அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இது அடிக்கும் மேலுக்கும். கரமலுக்கு டின்பால், அதாவது சீனி போட்ட கட்டிப்பால், ஒரு டின், இங்கே அது 397 கிராம் என்று போட்டு வரும். பட்டர் 50 கிராம், மண்ணிறச் சீனி 50 கிராம், கோல்டன் சிரப் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு இன்னொரு சிட்டிகை.

நிறுப்பது எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பேரனின் வேலை. இலக்கத் தராசில் பாத்திரத்தை வைத்து, சைபராக்கும் பொத்தானை அமத்தி, ஓட்ஸைக் கொட்டுவான். 198 இல் நிறுத்தி, பிறகு இதழ் இதழாகப் போட்டு 200 க்குக் கொண்டுவருவான். இரண்டு கிராம் கூடினால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வதில்லை. அவனுக்கு அது பெரிய காரியம்.

ஓட்ஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரிய இதழாக இருக்கும் ஜம்போ ஓட்ஸை மட்டும் போட்டால் துண்டு பிடிக்காமல் உதிரும். தூளாக வரும் உடனடி ஓட்ஸ் போட்டால் களியாகிவிடும். கஞ்சிக்கு வாங்கும் சாதாரண ஓட்ஸ்தான் நல்லது, விரும்பினால் அதோடு கொஞ்சம் ஜம்போ. நாங்கள் அவலுக்கு நெல்லை ஊறவைத்து, வறுத்து இடிப்பது போலத்தான் ஆலையில் இதையும் செய்கிறார்கள்: ஆவி காட்டி, உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்குவது. ஆவி காட்டுவதற்குக் காரணம் உண்டு. மற்றத் தானியங்களை விட ஓட்ஸில் கொழுப்புக் கூட. உமி போனதும் அதற்குள் இருக்கும் நொதி கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடும், சில நாளில் காறல் அடிக்கும். ஆவியின் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். ஊரில் இரசாயனம் படிப்பித்த பழக்கம், இப்படி இடையில் வகுப்பு எடுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாவையும் ஓட்ஸையும் சீனியையும் சோடாவையும் உப்பையும் கலந்து, பட்டர்த் துண்டுகளைப் போட்டு, விரல் நுனியால் பிசற வேண்டும். உள்ளங்கையால் பிசைந்தால் பட்டர் உருகி எல்லாம் ஒரே கட்டியாகிவிடும். பிட்டுக்கு மா குழைப்பதைப் பார்த்து வளர்ந்த பேத்திக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவே தேவைப்படவில்லை. உதிரியாக வந்ததும் மூன்றில் இரண்டு பங்கைத் தட்டில் போட்டு, ஒரு தேநீர்க் கோப்பையின் அடியால் அமத்தச் சொல்லி நாலு வயதுக்காரியிடம் விடுவோம். மூலைகளையும் விடாமல் அமத்த வேண்டும். அமத்தாத இடத்தில் கரமல் கீழே இறங்கித் தட்டோடு ஒட்டும். அவள் அதை எழும்பி நின்று இரண்டு கையாலும் செய்வாள்.

இதற்கெல்லாம் முன்பே தட்டுக்குள் பேக்கிங் தாள் போட்டு வைப்பது பிள்ளைகளின் அம்மப்பா. அவர் நில அளவையாளராக இருந்தவர். இரண்டு பக்கமும் தாள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பிறகு அதைப் பிடித்துத்தான் முழுவதையும் தூக்கி எடுக்கலாம் என்று சொன்னேன். மனிதர் மூலைகளைச் சரிவாக வெட்டி, சுருக்கமே இல்லாமல் படிய வைத்தார். அந்த வேலையை இனி வேறு யாரும் தொட முடியாது. தட்டை 180 பாகை செல்சியஸ் ஓவனில் ஒரு கால் மணித்தியாலம் வைத்து எடுத்தால் அடி தயார்.

இனிக் கரமல். என்னுடைய வேலை இதுதான், விட்டுக் கொடுப்பதாக இல்லை.

அதற்கு முன் அந்தக் கோல்டன் சிரப் டின்னைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம், மேனர்பார்க் பக்கம் இருக்கிற நேயர்களே, அந்த டின் உங்கள் ஊர்ச் சரக்கு. நியூஹாம் எல்லைக்குள்ளேயே, தேம்ஸ் கரையில் சில்வர்டவுனில், அதற்கான ஆலை இருக்கிறது. ஏப்ரம் லைல் என்பவர் ஸ்கொட்லாந்தின் கிரீனொக் துறைமுகத்துக்காரர். 1881 இல் இந்தக் கரையில் இடம் வாங்கினார், 1883 இல் சீனி ஆலை ஓடத் தொடங்கியது. சுத்திகரிக்கும்போது மிஞ்சுகிற பாகைச் சாப்பிடக்கூடிய பொன்னிறச் சிரப்பாக ஆக்கியதில் சார்ல்ஸ் ஈஸ்டிக் என்ற இரசாயனவியலாளருக்குப் பெரிய பங்கு. முதலில் மரப் பீப்பாவில் வைத்துத் தொழிலாளிகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் விற்றார்கள். 1885 இல் டின்னுக்கு வந்தது. டின்னில் இருக்கும் படம் ஒரு செத்த சிங்கமும் அதைச் சுற்றித் தேனீக்களும், விவிலியத்தில் வரும் சிம்சோன் கதை. சின்னவள் ஒவ்வொரு முறையும் "சிங்கம் நித்திரையா அம்மம்மா?" என்று கேட்பாள். ஓம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தச் சிரப் ஏன் தேவை? சாதாரண சீனியை அமிலத்தோடு சூடாக்கினால் அது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிரியும். கோல்டன் சிரப்பில் ஒரு பங்கு சீனி இப்படிப் பிரிந்து இருக்கிறது. பிரிந்த சீனி நடுவில் இருந்தால் மற்றச் சீனி பளிங்காகக் கட்டாது. எங்கள் பால்ரொபியை நினைத்துப் பாருங்கள். அதுவும் டின்பால்தான், சீனிதான், பட்டர்தான். ஆனால் அங்கே சீனியை அள்ளிப் போட்டு, கிண்டிக் கிண்டி, அது கட்டத்தான் வேண்டும் என்று நிற்கிறோம். கடித்தால் பொரபொரவென்று உதிர்வது அதனால்தான். இங்கே கரமல் வழுவழுப்பாக, கடித்தால் இழுபட வேண்டும். அதனால் சீனி குறைவு, சிரப் உண்டு, அடுப்பிலிருந்து இறக்கும் பதமும் முந்தியது. பால்ரொபி கிண்டிய கை உங்கள் வீட்டில் இருந்தால், அது அம்மம்மாவோ அப்பம்மாவோ, அவரை அடுப்புக்கு முன்னால் நிறுத்துங்கள். ஓவனைத் தொட்டே இராதவராக இருந்தாலும் பரவாயில்லை.

அடி கனமான தாச்சியில் பட்டர், சீனி, சிரப் மூன்றையும் மெல்லிய நெருப்பில் உருக்கி, சீனி கரைந்ததும் டின்பாலை ஊற்றுங்கள். முதலில் பட்டர் ஓரத்தில் மஞ்சளாகப் பிரிந்து நிற்கும். கிண்டக் கிண்ட உள்ளே போய்விடும். பிறகு சின்னச் சின்னக் குமிழிகள் வரும். கொஞ்ச நேரத்தில் அவை பெரிதாகி, சோம்பலாக ஒவ்வொன்றாக வெடிக்கும். அந்த நேரத்தில் கரண்டியை எடுத்துவிட்டுக் கதைக்கப் போகக் கூடாது, அடி உடனே பிடிக்கும். பிடித்தால் மண்ணிறத் துணுக்குகள் மேலே மிதந்து வரும். வெளிறிய நிறம் மெல்ல மாறும். பாலின் புரதமும் சீனியும் சூட்டில் சேர்ந்து செய்கிற வேலை அது. 1912 இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்தது. தனிச் சீனியைக் கருக்குவதற்கு 160 பாகைக்கு மேல் சூடு வேண்டும், பாலோடு சேர்ந்தால் அவ்வளவு போகாமலே நிறமும் மணமும் வந்துவிடுகிறது. மரக்கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் தாச்சியின் அடி ஒரு கணம் தெரிந்து, பிறகு மூட வேண்டும். எட்டு முதல் பத்து நிமிடம் பிடிக்கும். சந்தேகம் என்றால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கரையாமல், விரலால் உருட்டினால் மெத்தென்று உருண்டால் இறக்கலாம். உருண்டை கெட்டியாக வந்தால் கடந்துவிட்டது. இனி ஓவனிலும் இது வேக இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

பதினொரு வயதுப் பேத்தி இப்போது என் பக்கத்தில் நின்று கிண்டுகிறாள். "அம்மம்மா, காணுமோ?" "இன்னும் கொஞ்சம், பிள்ளை." "இப்ப?" "கோட்டைப் பார்." சில நேரம் நான் சொல்ல முந்தி அவளே அடுப்பை நிறுத்துகிறாள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இந்தக் கட்டத்தில் அடுப்பண்டை விடாதீர்கள். பாகு தோலில் பட்டால் தண்ணீர் போல வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு சுடும். பட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பட்டர், பற்பசை ஒன்றும் பூச வேண்டாம்.

அப்புறம் சுலபம். கரமலை அடியின் மேல் ஊற்றிப் பரப்பி, மிச்ச உதிரியை மேலே தூவி, மறுபடி அதே சூட்டில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஓரம் பொங்கி, மேல் பொன்னிறமானதும் எடுக்கலாம்.

இப்போதுதான் வீட்டில் சண்டை. மணம் வீடு முழுக்க இருக்கும், மருமகன் கத்தியோடு வந்து நிற்பார். சூட்டில் வெட்டினால் கரமல் ஓடும். முற்றாக ஆறவிட்டு, பிறகு குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணித்தியாலம். அம்மப்பா அடிமட்டம் வைத்து நாலு சென்டிமீற்றருக்கு ஒரு கோடு போடுவார், 25 துண்டு சரியாக வரும். நான் கணக்குப் பார்த்தேன். அதிலும் ஒரு துண்டில் ஏறத்தாழ நாலு தேக்கரண்டிச் சீனி இருக்கிறது. ஓட்ஸ் கொலஸ்ட்ரோலுக்கு நல்லது என்பது உண்மை, அது கஞ்சியாகக் குடிக்கும்போது. இதற்குள் ஓட்ஸ் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நீரிழிவுக்காரர் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தக் கை என்னுடையது. பள்ளிக்கூட விற்பனைக்குக் கொடுப்பதென்றால் கச்சான், முந்திரி எதுவும் சேர்க்காதீர்கள், பல பள்ளிகளில் அவற்றுக்கு அனுமதி இல்லை. உள்ளே பால், கோதுமை, ஓட்ஸ் இருக்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இதைப் பற்றிப் பேசினாலே யாராவது கேட்பார்கள், மண்ணிறச் சீனிக்குப் பதில் பனங்கட்டி போடலாமா என்று. போடலாம், ஆனால் அடிக்கும் மேலுக்கும் மட்டும். நன்றாகச் சீவி, ஓட்ஸோடும் மாவோடும் கலந்துவிடுங்கள். கரமலுக்குள் போட வேண்டாம். பனங்கட்டியில் இருக்கிற புளிப்புக்குப் பால் திரைந்துவிடலாம், ஒரு டின்பால் வீணாகப் போகும். கரமலுக்குக் கடைச் சீனியே இருக்கட்டும்.

நன்றி நேயர்களே, வணக்கம்.