எங்கள் நூலகத்தில் சத்தம் போடுகிற மேசை

நடுவர் ஐயா, எதிரணியில் இப்போதே வென்றுவிட்ட முகத்தோடு இருக்கும் நண்பர்களே, கதிரை போதாமல் கதவடியில் நிற்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். பாடசாலை நூலகத்தில் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க ஒரு மேசை வேண்டும் என்பது எங்கள் அணியின் கட்சி. எதிரணித் தலைவர் சேர் அழகாகப் பேசினார், அதை மறுக்க மாட்டேன். "நூலகம் வாசிக்கிற இடம், அங்கே சுத்தியலுக்கும் பசைக்கும் என்ன வேலை, செய்து பார்க்க ஆசையென்றால் ஆய்வுகூடம் இருக்கிறது, வாசிப்பு மாதத்தில் நின்று வாசிப்பைக் கெடுக்கிற யோசனை சொல்கிறீர்களே" என்று கேட்டார். ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம் என்பது எனக்கும் தெரியும் சேர். இந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் பதாகையை ஒட்டியதே நான்தான்.

நான் ஒரு ஆசிரிய நூலகர். எங்கள் பாடசாலை நூலகத்தின் சாவி பதினொரு வருசமாக என் கையில் இருக்கிறது. கையால் பொருள் செய்து பார்க்கிற இடத்துக்கு வெளிநாட்டில் மேக்கர்ஸ்பேஸ் என்று ஒரு பெயர் வைத்து, முப்பரிமாண அச்சு இயந்திரம் அது இது என்று பெரிதாகச் சொல்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரு பழைய சாப்பாட்டு மேசை. அதன்மேல் மட்டைப் பெட்டிகள், கத்தரிக்கோல், குறடு, ஊசி நூல், பசை, சின்ன எல்.ஈ.டி மின்குமிழ்கள், 9 வோல்ற் மின்கலம், யாரோ வீட்டில் கழித்த இரண்டு ரேடியோப் பெட்டிகள். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் "செய்யிற மேசை". அவ்வளவுதான். இதற்குத்தான் இன்றைக்கு இவ்வளவு பெரிய பட்டிமன்றம்.

அமைதி கெடும் என்றார்கள். ஐயா, எங்கள் நூலகத்தில் அமைதி நிறையவே இருந்தது. வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை, நாற்பது நிமிடம், அதுவும் பரீட்சை கிட்ட வந்தால் கணித ரீச்சர் கடன் கேட்டு வாங்கிக்கொள்வார். மற்ற நேரம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான். அமைதி வேறு, ஆளில்லாமை வேறு. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குகிற டூயி தசம முறையில் 600 தொடங்கித் தொழினுட்பம், 700 தொடங்கிக் கலை. அந்த இரண்டு இறாக்கைகளிலும் புத்தகங்களைத் திறந்தால் இரவல் திகதி குத்துகிற தாள் வெள்ளையாகவே இருக்கும். தூசு தட்டுவதற்கு மட்டும் நான் எடுப்பேன். அதைத்தான் எதிரணி காப்பாற்றச் சொல்கிறது.

இனி ஒரு கதை சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளும், மணியை உடனே அடித்துவிடாதீர்கள்.

தரம் 9 மாணவன் ஒருவன், வாவிக் கரையில் வீடு. மாரியில் வெள்ளம் வந்தால் இரவில் விழித்திருந்து படி எண்ணுகிற குடும்பம். 2011 சனவரி வெள்ளத்தை அவன் பார்க்கவில்லை, ஆனால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன். தண்ணீர் படியைத் தொட்டதும் கத்துகிற கருவி ஒன்று செய்யப்போகிறேன் என்று வந்தான். மின்கலம், ஒரு பசர், நுனி உரித்த இரண்டு வயர். இரண்டு நுனியும் தண்ணீரில் பட்டால் சுற்று பூர்த்தியாகிப் பசர் ஒலிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் வைத்தான், முனகியது. அடுத்த நாள் ஒரு போத்தலில் வாவித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், "மிஸ் இஞ்ச பாருங்க, கத்துது!" என்று அவனும் கத்தினான். அமைதி அன்றைக்குக் கெட்டதுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஏன் ஒன்று முனகுகிறது, ஒன்று கத்துகிறது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை, உண்மையில் எனக்கே அந்த நேரம் சரியாகத் தெரியாது. 600 இறாக்கைக்குப் போனான், அங்கிருந்து இரசாயனத்துக்குப் போனான். உப்புக் கரைந்தால் அயன்கள், அதாவது மின்னேற்றம் உள்ள துணிக்கைகள், வரும், அயன்கள் இருந்தால் மின் நன்றாகக் கடத்தும் என்று வாசித்துக்கொண்டு வந்தான். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவன் முடிக்கவில்லை. 551, புவி விஞ்ஞானப் பக்கம் போய்க் களப்புகளை, அதாவது கடலோடு தொடுகிற வாவிகளைப் பற்றி ஒரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தான். அப்புறம் முகம் வாடி வந்து சொன்னான்: "மிஸ், மாரியில ஆத்துத் தண்ணி வந்து விழுந்தா வாவியில உப்புக் குறைஞ்சிரும். வெள்ளம் வாற நேரம்தான் இது கத்தாது."

நடுவர் ஐயா, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை, தான் செய்த பொருள் தேவைப்படுகிற அன்றைக்கே வேலை செய்யாது என்பதை ஒரு புத்தகத்திலிருந்து கண்டுபிடிக்கிறான். அதற்குப் பிறகு திரான்சிஸ்டர் என்றால் என்ன, சின்ன மின்னோட்டத்தை வைத்துப் பெரிய மின்னோட்டத்தை எப்படித் திறந்துவிடுவது என்று படித்து, நல்ல தண்ணீரிலும் கத்துகிற மாதிரித் திருத்திச் செய்தான். அந்தத் தவணையில் அவன் இரவல் எடுத்த புத்தகம் ஒன்றுகூட நான் "வாசி மகன், நல்ல புத்தகம்" என்று நீட்டியது அல்ல. பதினொரு வருசமாக நான் நீட்டிய புத்தகங்கள் என்னவாயின என்று கேட்காதீர்கள்.

இப்போது ஆய்வுகூடம் இருக்கிறதே என்ற கேள்விக்கு வருகிறேன். இருக்கிறது சேர், பூட்டோடு இருக்கிறது. விஞ்ஞான ஆய்வுகூடம் விஞ்ஞான ஆசிரியருக்கு, பாடவேளைக்கு, பாடத்திட்டத்திலுள்ள பரிசோதனைக்கு. உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பப் பிரிவு வந்தது, அது நல்லது, ஆனால் அந்த ஆய்வுகூடம் அந்தப் பிரிவுப் பிள்ளைக்கு. தரம் 7 பிள்ளை "நான் ஒன்று செய்து பார்க்கப் போகிறேன்" என்று போய் நின்றால், எந்தப் பாடம், எந்த அலகு, யார் அனுப்பியது என்று கேட்பார்கள். முழுப் பாடசாலையிலும் எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லாத அறை ஒன்றே ஒன்றுதான், அது நூலகம். அங்கே புள்ளி போட யாரும் இல்லை, பிழைத்தால் அடுத்த நாளும் வரலாம். இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன்: பட்டறை மாதிரி ஒரு இடம் திறந்தால் எங்கள் ஊரில் பொம்பிளைப் பிள்ளைகள் கதவடியில் நின்றே திரும்பிவிடுவார்கள். நூலகத்துக்குள் வருவதற்கு அவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. எங்கள் மேசையில் குறடு பிடிக்கிற கைகளில் பாதிக்கு மேல் வளையல் போட்ட கைகள்.

அடுத்து, நூலகத்தின் மரபு என்று பேசினார் இரண்டாவது பேச்சாளர். மரபு என்றால் நானும் பேசுகிறேன். நூலக இயலின் ஐந்து விதிகளை 1931இல் எழுதிய எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், கணிதம் படிப்பித்தவர். அவருடைய முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. ஐந்தாவது, நூலகம் வளர்கின்ற உயிரி. வளர்கிற உயிருக்குக் கை முளைத்தால் வெட்டுவீர்களா?

அவர் பிறந்த அதே 1892இல் காரைதீவில் பிறந்தவர் எங்கள் சுவாமி விபுலாநந்தர். யாழ் நூல் எழுதியவர் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி என்பதை யாரும் நினைப்பதில்லை. சிலப்பதிகாரத்தில் வருகிற யாழை வாசித்து, ஆகா என்று சொல்லிவிட்டு ஏட்டை மூடிவைக்கவில்லை அந்த மனிதர். உறுப்பு உறுப்பாக எடுத்து, நரம்புக்குக் கணக்குப் போட்டு, யாழுறுப்பியல் என்று ஒரு இயலே எழுதினார். 1947இல் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் நூல் அரங்கேறியபோது அவருடைய கணக்குப்படி செய்த யாழ்களும் அங்கே இசைக்கப்பட்டன. புத்தகமும் கருவியும் ஒரே மேடையில்! எதிரணி அன்றைக்கு அங்கே இருந்திருந்தால், யாழை வெளியே வைத்துவிட்டு நூலை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லியிருக்கும்.

எங்கள் கூத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் ஏட்டண்ணாவியார் ஏட்டோடு நிற்பார், பக்கத்தில் மத்தளம் அதிரும், இன்னொரு பக்கம் ஆட்டக்காரருக்குக் கிரீடமாக முடி கட்டுவார்கள். ஏடு இருக்கிற இடத்தில் மத்தளம் கூடாது என்று எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறீர்களா? போன தவணை தரம் 7 பிள்ளைகள் மூன்று பேர் மட்டையிலும் மினுங்கல் தாளிலும் ஒரு கூத்து முடி செய்தார்கள், தலையில் நிற்கவே இல்லை, சரிந்து சரிந்து விழுந்தது. கடைசியில் ஒரு பிள்ளை தன் அப்பப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் காலத்தில் கூத்து ஆடியவர் அவர். என் நூலகத்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. முடியைக் கட்டிக் காட்டிவிட்டு, கூத்துப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கஷ்டம் இல்லையா? இருக்கிறது. பசை கொட்டி ஒரு அகராதியில் "ச" வரிசை முழுதும் ஒட்டிப்போனது, இன்றைக்கும் பிரிக்க முடியவில்லை. ஒரு பிள்ளைக்கு விரல் சுட்டது, அதிலிருந்து சூடான கருவிகள் நான் பக்கத்தில் இருந்தால் மட்டும். மேசையை இறாக்கையிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டோம், வாசிக்கிறவர்களுக்கு ஜன்னல் பக்கம் ஒதுக்கினோம், காலையில் முதல் இடைவேளை வரை மேசை மூடியிருக்கும். காசு பெரிதாகப் போகவில்லை, மட்டைப் பெட்டி கடைக்காரர் தருவார். ஆனால் என் வேலை கூடிவிட்டது, அதை மறைக்க மாட்டேன். மேசையைப் பார்க்க இன்னொரு ஆள் தராமல் இதைச் செய் என்று எந்த அதிபர் சொன்னாலும் நானே எதிரணியில் போய் உட்காருவேன்.

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம் ஐயா. போன தவணை எதிரணித் தலைவர் சேரின் மூக்குக் கண்ணாடிக் காம்பு உடைந்து, ஒட்டுவதற்கு எங்கே வந்தார் தெரியுமா? செய்யிற மேசைக்குத்தான். பசை காயப் பத்து நிமிடம் ஆகும் என்று ஒரு பிள்ளை சொல்ல, சேர் சும்மா இருக்க முடியாமல் பக்கத்து இறாக்கையில் ஒரு புத்தகத்தை எடுத்து, கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்து வாசித்து, பிடித்துப்போய் இரவலும் எடுத்துக்கொண்டு போனார். சேர், அந்தப் புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.