ரெண்டு நிமிஷக் காட்சி போதும்: டிவி பார்த்து அன்றாட இங்கிலீஷ் பழகுற முறை

(திரையில்: ஓடிட்டிருக்கும் சீரியல், கீழே தமிழ் சப்டைட்டில்)

இங்கிலீஷ் சீரியல் பார்த்துக்கிட்டே இருந்தா பேச வந்துடும்னு சொல்வாங்க. தமிழ் சப்டைட்டில் வச்சு பத்து எபிசோட் பார்த்தா கதை ஞாபகம் இருக்கும், வசனம் இருக்காது. கண்ணு தமிழைப் படிக்கிறப்போ காது இங்கிலீஷை விட்டுடுது. அதனால முழு எபிசோடை மறந்துடுங்க. ரெண்டு நிமிஷக் காட்சி ஒண்ணு, அதுல இருந்து அஞ்சு வாக்கியம். ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

எதைப் பார்க்கலாம்? போலீஸ், கோர்ட், ராஜா காலத்து சீரியல் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். அதுல வர்ற வார்த்தையை நாளைக்கு நீங்க எங்கேயும் பேசப்போறதில்ல. வீட்டுக்குள்ள நடக்குற சிட்காம், அதாவது காமெடி சீரியல் எடுங்க. ‘ஃப்ரெண்ட்ஸ்’ 1994-ல இருந்து 2004 வரைக்கும் அமெரிக்காவுல என்பிசி சேனல்ல வந்தது. 236 எபிசோட், ஒவ்வொண்ணும் சுமார் 22 நிமிஷம். பெரும்பாலும் ரெண்டு வீடு, ஒரு காபி கடை. அதே இடம் திரும்பத் திரும்ப வர்றதால அதே பேச்சும் திரும்ப வரும். இன்னொரு வசதி, ஷூட்டிங்கை நேர்ல பார்க்குற ஆடியன்ஸ் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நடிகர்கள் அடுத்த வசனத்துக்குக் காத்திருப்பாங்க. கேட்டதை மனசுல வாங்கிக்க உங்களுக்கு அந்த நேரம் கிடைக்கும்.

அதுவே வேகமா இருக்குன்னா ‘பெப்பா பிக்’. பிரிட்டிஷ் குழந்தைகள் கார்ட்டூன், ஒரு எபிசோட் 5 நிமிஷம்தான். திரையில நடக்குறதை ஒரு குரல் சொல்லிக்கிட்டே வரும். குழந்தைங்க பார்க்குறதுன்னு தள்ளிடாதீங்க. சேறு, குடை, சாப்பாடு, தூக்கம்னு வீட்டுப் பேச்சு முழுக்க அதுல இருக்கு.

(திரையில்: சப்டைட்டில் மெனு)

பிடிஎஸ்ங்கிற கொரிய இசைக்குழுவோட பாடகர் ஆர்எம் ‘ஃப்ரெண்ட்ஸ்’ பார்த்துதான் இங்கிலீஷ் கத்துக்கிட்டதா 2017-ல அமெரிக்க டிவி பேட்டியில சொன்னார். முதல்ல கொரியன் சப்டைட்டில், அப்புறம் இங்கிலீஷ், கடைசியில எதுவும் இல்லாம. நமக்கும் அந்த வரிசை சரிதான். தமிழ் சப்டைட்டில் கதை புரிய ஒரே ஒரு தடவை. இல்லாட்டி கதைச்சுருக்கம் படிச்சுக்கலாம். ரெண்டாவது தடவைக்கு, வெறும் இங்கிலீஷை விட ‘சிசி’ன்னு போட்டிருக்குறதை எடுங்க. அது காது கேளாதவங்களுக்காக எழுதுறது. அதனால சத்தங்களும் எழுத்துல வரும்: ‘டோர் கிரீக்ஸ்’னா கதவு கிறீச்சிடுது, ‘சைஸ்’ (sighs)னா பெருமூச்சு விடுறாங்க, ‘கிளியர்ஸ் த்ரோட்’னா தொண்டையைக் கனைக்கிறாங்க. பாடப்புத்தகத்துல அபூர்வமா வர்ற இந்த வார்த்தைகள் இங்க சத்தத்தோடவே கிடைக்குது.

இப்போ ஒரு காட்சி.

(திரையில்: சமையலறை. ஒருத்தி ஃபிரிட்ஜைத் திறக்கிறாள், இன்னொருத்தி செருப்பு மாட்டுகிறாள்)

“வி’வ் ரன் அவுட் ஆஃப் மில்க்.”
“ஐ’ல் பிக் சம் அப் ஆன் மை வே ஹோம். டூ யூ வான்ட் எனிதிங் எல்ஸ்?”
“நோ, ஐ’ம் குட்.”

மூணே வரி. ‘ரன் அவுட்’ நமக்கு கிரிக்கெட்ல தெரியும். இங்க பால் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். ‘ரன் அவுட்’னு மட்டும் எழுதி வச்சா நாளைக்குக் குழம்பிடும். ‘ஆஃப் மில்க்’ வரைக்கும் முழுசா எழுதினா குழப்பமே இல்ல. ‘பிக் அப்’ நடுவுல ‘சம்’ நுழைஞ்சிருக்கு பாருங்க. அகராதியில ‘பிக் அப்’னுதான் இருக்கும், வாக்கியத்துலதான் அது எங்க பிரியுதுன்னு தெரியும். ‘ஐ’ம் குட்’னா “நான் நல்லவ” இல்ல, “எனக்கு வேண்டாம்”. சொல்றப்போ அவ தலையாட்டுறதைப் பார்த்தாலே புரிஞ்சிடும். வீடியோவுல படிக்கிறதோட பெரிய லாபமே அதுதான்.

அடுத்து காது. எழுத்துல ‘டூ யூ வான்ட்’, பேச்சுல ‘டியு வான்ட்’. ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ அமெரிக்கன் வாயில ‘வாட்டயா கொனா டூ’ன்னு ஆயிடும். ‘வாட்டர்’ ‘வாடர்’னு கேக்கும். தெரிஞ்ச வார்த்தையே பிடிபடாம போறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படி ஒரு வரி மாட்டினா பின்னாடி போற பட்டனால திருப்பி, வேகத்தை 0.75-ல வச்சு கேளுங்க. அதுக்கும் கீழ போனா குரல் இழுபட்டு உச்சரிப்பே மாறிடும். பிடிபட்டதும் மறுபடி 1-ல வச்சு, நடிகரோட சேர்ந்தே சத்தமா சொல்லுங்க. மனசுக்குள்ள சொன்னா நாக்கு பழகாது.

நோட்டுல இடப்பக்கம் நிலைமையைத் தமிழ்ல எழுதுங்க: “பால் தீர்ந்துபோச்சுன்னு வீட்டுல சொல்றது”. வலப்பக்கம் இங்கிலீஷ் வாக்கியம். மறுநாள், அப்புறம் மூணாம் நாள், அப்புறம் ஒரு வாரம் கழிச்சு வலப்பக்கத்தை மறைச்சுட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. தடுமாறின வரியை மட்டும் மறுபடி காட்சியிலேயே போய்க் கேளுங்க.

ஒண்ணு மட்டும் கவனம். யார் யார்கிட்ட சொன்னாங்கன்னு ஓரத்துல குறிச்சு வைங்க. ஆச்சரியத்துல தோழிகிட்ட “ஷட் அப்!”னு சொன்னா “அட, நிஜமாவா!”ன்னு அர்த்தம். அதையே ஆபீஸ் மீட்டிங்ல மேனேஜர்கிட்ட சொன்னா “வாயை மூடு”ன்னுதான் விழும். அங்க “ரியலி?” போதும்.