34 டாலர் செம்பொடியும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும்

வணக்கம் உறவுகளே! இன்று முன்னுரை எல்லாம் கிடையாது. கேமராவை நேராகக் கொழுந்துக்கே கொண்டுபோகிறேன், பாருங்கள். பச்சை! போன காணொளியில் இதே கறிவேப்பிலைக் கன்று காமாலை கண்டதுபோல் நின்றது, நினைவிருக்கிறதா? அடி இலையெல்லாம் நன்றாக இருக்க, கொழுந்து மட்டும் வெளிறிப்போய், நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. இரும்புச் சத்துக் குறைபாடு என்று அப்போதே சொன்னேன்.

அந்தக் காணொளிக்குக் கீழே நீங்கள் எழுதியவை எத்தனை வைத்தியங்கள்! புளித்த மோர் ஊற்று, அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) போடு, கந்தகம் தூவு, வினிகர் கலந்து விடு. ஊரில் மோர் வேலை செய்யும், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் இருப்பது ஃப்ளோரிடாவின் தென்கோடி, மயாமி-டேட் கவுண்டி, ஹோம்ஸ்டெட் பக்கம். இங்கே மண்ணே கிடையாது ஐயா! ஒரு பிடி அள்ளிக் காட்டுகிறேன். முழுக்க வெளிறிய சரளைக்கல், இடையில் கொஞ்சம் பொடி. இதன்மேல் வினிகர் விடுகிறேன். நுரைக்கிற சத்தம் கேட்கிறதா? அத்தனையும் சுண்ணாம்புக் கல். இதோ நுரை அடங்கிவிட்டது. வினிகர் தீர்ந்தது, கல் அப்படியே இருக்கிறது. வினிகர் ஊற்றச் சொன்னவர் இந்த இடத்தை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கவும்.

கந்தகக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு கணக்கு. 100 கிலோ சுண்ணாம்பைக் கரைக்க 32 கிலோ கந்தகம் வேண்டும். என் தோட்டத்தில் மேலே கிடப்பதும் சுண்ணாம்பு, கீழே பாறையாக இருப்பதும் சுண்ணாம்பு. லாரி லாரியாகக் கொட்டச் சொல்கிறீர்களா?

இந்த மண்ணின் கார அமிலத்தன்மை எண் (pH) 7.4 முதல் 8.4 வரை, அதாவது காரம். கல்லுக்குள் இரும்பு இல்லாமல் இல்லை, வேரால் அதை எடுக்க முடியவில்லை. அன்னபேதியைப் போட்டாலும் அது சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத பொருளாக உறைந்துவிடும். ஆகவே இரும்பைப் பத்திரமாகப் பிடித்துவைத்திருக்கும் கீலேட் வேண்டும், அதிலும் இ.டி.டி.எச்.ஏ. வகைதான். இ.டி.டி.ஏ. என்று பெயர் பாதி ஒன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அது இந்தக் காரத்தில் நிலைக்காது. கடையில் அதைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். டப்பாவின் பின்பக்கச் சிறிய எழுத்தைக் காட்டிக் கேட்டேன், "இரும்பு என்றால் எல்லாம் இரும்புதானே" என்கிறார் விற்பவர். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து வேறு கடையில் வாங்கினேன்.

விலை? ஒரு ராத்தல் 34 டாலர்! முப்பத்து நான்கு! அந்தக் காசுக்குக் கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாக வாங்கி வருடக்கணக்கில் ரசம் தாளிக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். சொல்லட்டும். கருஞ்சிவப்புப் பொடி, ஒரு சிட்டிகை பட்டாலும் தண்ணீர் ரத்தச் சிவப்பாகிறது. சட்டை போனது, சிமென்ட் தரையும் போனது. இலையில் தெளிக்கக் கூடாது, வேரில்தான் ஊற்ற வேண்டும். வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் ஊற்றிய கையோடு தண்ணீர் விட்டுக் கீழே இறக்கிவிட வேண்டும். துத்தநாகமும் மாங்கனீசும் நேர்மாறு: அவற்றை இலைவழியாகக் கொடுப்பதுதான் இங்கே பலிக்கிறது.

அட, குழி தோண்டிய கதையை விட்டுவிட்டேன். மண்வெட்டி இங்கே அலங்காரப் பொருள். கடப்பாரைதான், அதுவும் தீப்பொறி பறக்க. ரெட்லேண்ட் பக்கத்து விவசாயிகள் பாறையையே உழுகிறார்கள். கனரக இயந்திரத்தால் மேல்பாறையை அரை அடி போல நொறுக்கி, அதைத்தான் நிலம் என்கிறார்கள். பழமரத்துக்கு அது போதாது. குறுக்கும் நெடுக்குமாகப் பாறையில் அகழிகள் வெட்டி, அவை சந்திக்கும் இடத்தில் மாவும் வெண்ணெய்ப் பழமும் நடுவார்கள். வேர் பிடிக்க ஆழம் வேண்டுமே! 1992 ஆகஸ்ட் ஆண்ட்ரூ சூறாவளியில் இந்தப் பக்கத்துப் பழத்தோட்டங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மழைக்குக் குறையில்லை. மே முதல் அக்டோபர் வரை கொட்டும், ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர். ஆனால் சரளையில் தண்ணீர் நிற்காது, உரத்தையும் கூட்டிக்கொண்டு கீழே போய்விடும். கீழே இருப்பது பிஸ்கேன் நிலத்தடி நீர், மயாமிக்கே குடிநீர். அதனால்தான் ஒரே மூச்சில் மூட்டை உரம் கொட்டுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுங்கள். மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் சருகு, மரத்தூள் போன்றவை, தாராளமாகப் போடுங்கள். அது தண்டோடு மட்டும் ஒட்டியிருக்க வேண்டாம்.

சதுப்பை ஒட்டிய தாழ்ந்த நிலங்களில் சரளை இல்லை. சாம்பல் நிறச் சுண்ணாம்புச் சேறு, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். அங்கே இருப்பவர்கள் என் முறையை அப்படியே பின்பற்ற வேண்டாம், மேட்டுப்பாத்தி போடுங்கள்.

கடைசியாக, டெக்சாஸிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் கன்று அனுப்பக் கேட்கிறவர்களுக்கு: அனுப்ப மாட்டேன். எலுமிச்சைக் குடும்பத்தை அழிக்கும் பசுமையாதல் நோய் (citrus greening) அமெரிக்காவில் முதலில் 2005இல் இந்தக் கவுண்டியில்தான் கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் பூச்சிக்குக் கறிவேப்பிலை என்றால் உயிர். ஆகவே மாநிலம் தாண்டி அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான். அடுத்த காணொளியில் முருங்கை.