சாமி இல்லாத கோயிலும் முதல் லைக்கும்

வணக்கம் மக்களே. சத்தம் அதிகமாகக் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின்னால் தெரிவது வேலூர் கோட்டை அகழி, அதற்கு அந்தப் பக்கம் ரோடு. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வண்டி ஒன்றுகூட ஹாரன் அடிக்காமல் போவதாக இல்லை.

போன வாரம் இதே இடத்தில் எடுத்து ஒரு ரீல்ஸ் போட்டேன், பார்த்திருப்பீர்கள். அகழி, மதில், உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம், அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒருவர் எழுதினார்: "சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, அதான் எங்க வேலூர்." வேலூர்க்காரர்களுக்கு இது தெரிந்த பழைய சொலவடை. இதில் பெண்களைப் பற்றியும் ஒரு வரி உண்டு, அதை நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கமெண்ட் நானூறு லைக்கைத் தாண்டிப் போய்விட்டது. அதன் கீழே வரிசையாக "உண்மை", "நூறு சதவீதம் உண்மை ப்ரோ", நெருப்பு எமோஜி.

சரி, ராஜா இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான், 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைத் தவிர. ஆனால் கோயில்? சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து இந்தக் கோயில் கருவறையில் வைத்தது 1981 மார்ச்சில். நாற்பது வருடத்துக்கும் மேலாக உள்ளே சாமி இருக்கிறார், பூஜை நடக்கிறது. எங்கள் பெரியம்மா சத்துவாச்சாரிதான். "அதுக்கு முன்னாடி கோட்டைக் கோயிலுக்குப் போறதுன்னா கல்தூணைப் பார்த்துட்டு வர்றதுதான்டா" என்பார்.

"உண்மை" என்று எழுதியவர்களின் ப்ரொஃபைலைப் போய்ப் பார்த்தேன். பாதிப் பேர் காலேஜ் பசங்க. அதில் ஒரு தம்பியின் ப்ரொஃபைல் போட்டோ, இதே கோயில் வாசலில், நெற்றி நிறைய விபூதியோடு எடுத்தது! சாமி கும்பிட்டுவிட்டு வந்த பிள்ளைதான் சாமி இல்லாத கோயில் என்பதற்கு நெருப்பு விட்டிருக்கிறது.

அந்தத் தம்பியைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் இல்லை. ஏனென்றால், அந்தக் கமெண்ட்டுக்கு முதல் லைக் போட்டதே நான்தான். படித்துப் பார்த்துப் போடவில்லை. யார் கமெண்ட் போட்டாலும் மரியாதைக்கு ஒரு லைக் போடுவது என் பழக்கம்.

அந்த முதல் லைக் என்ன வேலை செய்யும் என்று ஒரு ஆராய்ச்சியே உண்டு. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஒரு செய்தித் தளத்தில் வந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான கமெண்ட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றுக்கு மட்டும், நல்லது கெட்டது எதையும் பார்க்காமல், சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஒரே ஒரு ஆதரவு ஓட்டை முதலிலேயே போட்டார்கள். அடுத்து வருகிறவர் அதற்கு ஆதரவு ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அந்தக் கமெண்ட்டுகளின் மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் அதிகம். இன்னும் கேளுங்கள். சிலவற்றுக்கு முதலில் எதிர் ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அதைப் பிறகு வந்தவர்கள் சரிசெய்துவிட்டார்கள். தப்பான திட்டைத் திருத்துகிற கூட்டம், தப்பான பாராட்டைத் திருத்தவில்லை.

இதில் என் கவலை என்னவென்றால், நம் வயதுக்காரர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கமெண்ட்டுக்குப் போவதில்லை. வீடியோ மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் கமெண்ட்டைத் திறந்துவிடுகிறது. நானும் அப்படித்தான். ஒரு படத்தின் ட்ரெய்லர் வந்தால், எனக்குப் பிடித்ததா இல்லையா என்று எனக்கே தெரிவதற்கு முன்னால், ஊருக்குப் பிடித்ததா என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் என் வாயில் வருவது என் கருத்தா, மேலே இருந்த முதல் மூன்று கமெண்ட்டா?

சோதித்துப் பார்க்கலாம் என்று காட்பாடியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் மூன்று தம்பிகளிடம் ஒரு வீடியோவைக் காட்டினேன். ஒருவர் ஷேர் மார்க்கெட்டில் மாதம் லட்ச ரூபாய் சம்பாதிப்பது எப்படி என்று பேசுகிறார். லைக், கமெண்ட் எதுவும் தெரியாதபடி டவுன்லோடு செய்து காட்டினேன். "எப்படிடா இருக்கு?" என்றேன். முதல் தம்பி திருப்பிக் கேட்டான்: "எவ்ளோ வியூஸ் ணா போயிருக்கு?"

ரெண்டு மில்லியன் என்று பொய் சொன்னேன். "செமயா பேசறார் ணா" என்றான். இரண்டாவது ஆளும் தலையாட்டினான். மூன்றாவது தம்பி பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே, "அவ்ளோ வருதுன்னா அவரு எதுக்கு ணா கோர்ஸ் விக்கறாரு?" என்றான். உடனே மற்ற ரெண்டு பேரும், "ஆமா ணா, எனக்கும் அப்பவே டவுட்டு" என்று பல்டி அடித்துவிட்டார்கள்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-லேயே இதைச் செய்து பார்த்துவிட்டார். ஒரு கோடு, பக்கத்தில் மூன்று கோடுகள், எது அதே நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாம் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தப்பாகச் சொன்னபோது, உண்மையாகச் சோதனைக்கு வந்தவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தோடு போனது. ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் போதும், அந்த இழுப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. எங்கள் பஜ்ஜித் தம்பி செய்தது அந்த வேலைதான்.

கோயில், ட்ரெய்லர் வரைக்கும் இது சிரிப்புதான். 2018 மே மாதத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வராது. போளூர் பக்கம் அத்திமூர். இப்போது திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரை நாம் எல்லோரும் ஒரே வட ஆற்காடு. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் வழியில் நின்றது. கூட வந்த வயதான அம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார்.

அந்தச் சமயம் வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று நாடு முழுக்க மெசேஜ் சுற்றியது. அப்படிச் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வு வீடியோ. கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, ஒரு வாசக அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசித் துண்டை யாரோ வெட்டிவிட்டார்கள். நம் வீட்டு குரூப்பிலும் வந்திருக்கும். எங்கள் குரூப்பில் வந்தது, சித்தப்பா போட்டார். எனக்கு சந்தேகம் இருந்தது. ஆனால் கீழே பதினைந்து பேர் கும்பிடு எமோஜி போட்ட பிறகு, நான் எதுக்கு என்று விட்டுவிட்டேன்.

அதே வருடம் ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு மெசேஜை ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் ஒரே தடவையில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்தியது. விரலுக்குப் பூட்டுப் போட்டார்கள், நல்லதுதான். "நான் எதுக்கு" என்பதற்கு எந்தக் கம்பெனியும் பூட்டுப் போட முடியாது.

சரி, இருட்டிவிட்டது, கேமராவில் கொசு தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த வீடியோவுக்கு நாளை சாயங்காலம் ஆறு மணி வரை கமெண்ட்டை மூடி வைக்கப்போகிறேன், லைக் எண்ணிக்கையும் தெரியாது. நான் சொன்னதில் எது தப்பு என்று தோன்றுகிறதோ, அதை ஒரு பேப்பரிலோ போன் நோட்டிலோ எழுதி வையுங்கள். ஆறு மணிக்குத் திறந்ததும் அப்படியே கொண்டுவந்து போடுங்கள். முதல் லைக் போட நான் வரமாட்டேன். கோயில் கமெண்ட் போட்ட அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளே போய் ஒரு தடவை சாமி கும்பிட்டுவிட்டு வாங்க அண்ணா, கோபம் வேண்டாம்.