பிரெஞ்சுக்காரருக்குக் கோழை என்ற பட்டம் எப்போது வந்தது?

நண்பர்களே, வணக்கம்.

பறங்கிமலை, பறங்கிப்பேட்டை என்று தினமும் சொல்கிறோம். இந்தப் 'பறங்கி' எங்கிருந்து வந்தது? 'பிராங்க்' என்ற இனப்பெயரிலிருந்து. பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் கொடுத்ததும் அதே பிராங்க் மக்கள்தான். சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கிலிருந்து வந்த எல்லோரையும் அரபுகள் அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். பாரசீகம் வழியாக அது நம்மிடம் வந்து போர்த்துகீசியரைக் குறித்தது, பிறகு வெள்ளைக்காரர் எல்லோரையும் குறித்தது. அப்புறம் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் பெயராகி, பறங்கிப்புண் என்றானது.

அந்த நோய்க்கு ஐரோப்பாவில் வைத்த பெயர்களைப் பாருங்கள். 1495இல் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் நேப்பிள்ஸைப் பிடித்தார். அவருடைய படையில் அது பரவியது. இத்தாலியர்களும் ஜெர்மானியர்களும் ஆங்கிலேயர்களும் அதைப் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். விடைபெறாமல் நழுவிப் போவதை ஆங்கிலத்தில் 'பிரெஞ்சு விடுப்பு' என்பார்கள். பிரெஞ்சில் அதுவே 'ஆங்கிலேயர் மாதிரி நழுவுவது'. பக்கத்து வீட்டுச் சண்டை இப்படித்தான் மொழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சரி, நான் பேச வந்தது வேறொன்றைப் பற்றி. பிரெஞ்சுக்காரன் என்றால் கோழை, துப்பாக்கியைக் கண்டால் கையைத் தூக்கிவிடுவான் என்ற கேலி இன்று நம் வாட்ஸ்அப் வரைக்கும் வந்துவிட்டது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக அண்டை நாடுகள் பிரான்ஸைப் பற்றிச் சொன்ன குறை இதற்கு நேர் எதிரானது. சும்மா இருக்க மாட்டான், படையெடுத்துக்கொண்டே இருப்பான் என்பதுதான் அந்தக் குறை.

அது பொய்க் குறையும் அல்ல. 1689இல் பதினான்காம் லூயியின் படைகள் ரைன் நதிக்கரையில் ஸ்பையர், வோர்ம்ஸ் நகரங்களைக் கொளுத்தின. ஹைடல்பெர்க் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தன. அந்தச் சிதைவை இன்றும் போய்ப் பார்க்கலாம். பிறகு நெப்போலியன் வந்தார். ஜெர்மானியர்கள் பிரான்ஸைப் 'பரம்பரைப் பகைவன்' என்று சொன்னதற்கு எரிந்த ஊர்கள் சாட்சி.

நெப்போலியனைக் குள்ளன் என்று நம் பள்ளிக்கூடங்களில்கூடச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவருடைய உயரம் 5 அடி 2 அங்குலம் என்று எழுதி வைத்தது பிரெஞ்சு அளவில். பிரெஞ்சு அங்குலம் 2.7 சென்டிமீட்டர், ஆங்கில அங்குலம் 2.54 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 168 சென்டிமீட்டர் வருகிறது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஆணுக்கு அது குறைவான உயரம் இல்லை. ஆனால் லண்டனில் ஜேம்ஸ் கில்ரே வரைந்த கேலிச்சித்திரங்களில் அவர் பெரிய தொப்பிக்குள் குதிக்கும் சின்னப் பையன். போர் முடிந்து 200 வருஷம் ஆகியும் அந்தப் படம் அழியவில்லை.

அப்படியென்றால் கோழைப் பட்டம் எப்போது வந்தது? 1940இல். மே 10ஆம் தேதி ஜெர்மனி தாக்கியது, ஜூன் 22இல் பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. ஆறே வாரம். அந்த ஆறு வாரத்தில் செத்த பிரெஞ்சு வீரர்கள் 50 ஆயிரத்துக்கும் மேல். ஓடியவர்கள் அப்படிச் சாவதில்லை. தவறு தளபதிகளின் கணக்கில் இருந்தது. நல்ல படைகளையெல்லாம் பெல்ஜியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெர்மன் டாங்கிகள் அர்தேன் காட்டைத் தாண்டி, செடானில் ஆற்றைக் கடந்துவிட்டன.

லீல் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். நாலா பக்கமும் வளைக்கப்பட்ட பிரெஞ்சு வீரர்கள் மே 31 வரை தெருத் தெருவாகச் சண்டை போட்டார்கள். ஏழு ஜெர்மன் டிவிஷன்கள், அதாவது பெரிய படைப்பிரிவுகள், அங்கேயே சிக்கிக்கொண்டன. அந்த நாட்களில்தான் டன்கிர்க் கடற்கரையில் ஆங்கிலேயர்கள் தப்பிப்போகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். குண்டு தீர்ந்து சரணடைந்த பிரெஞ்சு வீரர்கள் ஆயுதத்தோடு அணிவகுத்து வர, ஜெர்மன் தளபதி அவர்களுக்குப் போர் மரியாதை கொடுத்தார். எதிரியே கொடுத்த மரியாதை அது.

முதல் உலகப் போரில் அந்த நாடு ஏற்கெனவே 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. மொத்த ஜனத்தொகையே சுமார் 4 கோடிதான். அப்படிப்பட்ட நாட்டைக் கோழை என்பது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரான்ஸ் மீதான கோபம் எல்லாமே கேலிச்சித்திரம் என்று நான் சொல்லவில்லை. பிரான்ஸின் அடிமைத்தளையை உடைத்து விடுதலை பெற்ற ஹெய்ட்டியிடம், 1825இல் போர்க்கப்பல்களைக் கொண்டுபோய் நிறுத்தி, 15 கோடி பிராங்க் நஷ்டஈடு கேட்டது பிரான்ஸ். பின்னால் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடன் இருபதாம் நூற்றாண்டு வரை அந்த ஏழை நாட்டின் கழுத்தில் தொங்கியது. அல்ஜீரியாவில் 132 வருஷம் ஆட்சி, கடைசியில் சித்திரவதைக் கூடங்கள். இந்தக் கோபத்துக்குத் தேதி உண்டு, தொகை உண்டு, பிணங்கள் உண்டு. இதையும் குள்ளன், கோழை என்ற கேலியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

2003க்கு வருகிறேன். ஈராக் போரைப் பிரான்ஸ் எதிர்த்தது. கோபத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உணவகத்தில் 'பிரெஞ்ச் ஃப்ரைஸ்' என்ற பெயரையே 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்' என்று மாற்றினார்கள். அந்த அமெரிக்கா 1781இல் யார்க்டவுனில் வென்று விடுதலையை உறுதி செய்துகொண்டதே, பிரெஞ்சுக் கடற்படை ஆங்கிலேயக் கப்பல்களை மறித்து நின்றதால்தான்.

பெயரை மாற்றக் காரணமான உறுப்பினர்களில் ஒருவர் வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ். சில வாரங்களில், ஈராக்கில் இறந்த ஓர் இளம் வீரரின் இறுதிச் சடங்குக்குப் போனார். தன் கணவர் எழுதிய கடைசிக் கடிதத்தை வீரரின் மனைவி அங்கே வாசித்ததைக் கேட்டார். அதன் பிறகு ஜோன்ஸ், இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பத் தொடங்கினார். 2005இல் படைகளைத் திரும்பக் கூட்டிவரச் சொல்லித் தன் கட்சியையே எதிர்த்து நின்றார். 2006இல் உணவகத்தில் பழைய பெயர் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. ஜோன்ஸ் கையெழுத்திட்ட கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. மொத்தம் 11 ஆயிரத்துக்கும் மேல்.