முதல்ல தேதியைப் பாருங்க

அமெரிக்காவுல உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "பிப்ரவரி கருப்பின வரலாற்று மாதம். ரோசா பார்க்ஸ் படத்தை ஒட்டுறோம், கதையைச் சொல்றோம், பசங்க கொட்டாவி விடுறாங்க. 45 நிமிஷ வகுப்புல வேற என்ன செய்யலாம்?"

கொட்டாவி விடாம என்ன பண்ணுவாங்க? களைச்சுப்போன ஒரு கருப்பினத் தையக்காரம்மா பஸ்ல வெள்ளையருக்காக சீட்டை விட்டு எழுந்திருக்கல, ஊரே திரண்டு பஸ்ஸைப் புறக்கணிச்சுச்சு. சின்ன வகுப்புலேருந்து கேட்ட கதைதானே! பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்வேன்னு தெரியும்: முதல்ல தேதியைப் பாருங்க. பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1. இது நடந்த அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரத்துல, கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் மேயருக்குக் கடிதம் எழுதினது 1954 மே 21. பஸ்ஸைப் புறக்கணிக்கிற பேச்சு அதுலயே இருக்கு. ஒன்றரை வருஷம் முந்தி!

அந்தக் கடிதம், பார்க்ஸைக் கைது செஞ்ச போலீஸ் அறிக்கை, அவங்க உட்கார்ந்த இடத்தைக் காட்டுற பஸ் வரைபடம். மூணையும் நகல் எடுத்து, தேதியை மறைச்சு, நாலு பேருக்கு ஒரு கட்டா கொடுங்க. 10 நிமிஷம் எது முந்தின்னு அடுக்கட்டும். கைதுக்கு அப்புறம்தான் புறக்கணிப்புன்னு நினைச்சு, பலரும் கடிதத்தைக் கடைசியில வைப்பாங்க. அப்பத் தேதியைக் காட்டுங்க.

அடுத்த 20 நிமிஷம் கடிதத்துக்கே. கருப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் இடம் நிரம்புற வரைக்கும் உட்காரணும். முன்வாசல்ல காசு வாங்கிட்டு, இறங்கிப் பின்வாசல்ல ஏறச் சொல்லக்கூடாது. கருப்பினத்தவர் தெருவுலயும் மூலைக்கு மூலை பஸ் நிக்கணும். இவ்வளவுதான் கேட்டாங்க. பஸ்ல இனப் பிரிவினையை ஒழின்னு கேட்கவே இல்ல! ஏன்? பதிலை நீங்க சொல்லிடாதீங்க, பசங்க அடிச்சுக்கட்டும். மிச்ச நேரத்துக்கு, மான்ட்கமரி பஸ் பிரிவினையை எதிர்த்து நடந்த 1956 வழக்கு. பிரிவினையே கூடாதுன்னு கேட்டது அதுலதான். வழக்குத் தொடுத்தவங்கள்ல பார்க்ஸ் இல்ல, கிளாடெட் கால்வின் இருந்தாங்க. பார்க்ஸுக்கு ஒன்பது மாசம் முந்தி, அதே மாதிரி பஸ் சீட்டை விட்டு எழுந்திருக்காம 15 வயசுல கைதான பொண்ணு. உங்க மாணவிங்க வயசு.

பெஞ்சை பஸ் மாதிரி போட்டு நடிக்க வைக்கிறாங்களே, அது மட்டும் வேண்டாம். அவமானப்படுறது எவனாவது ஒரு பையனா இருப்பான், பாடம் அங்கேயே போச்சு. வகுப்புல இருக்கிற ஒரே கருப்பின மாணவனைப் பார்த்து "நீ சொல்லு"ங்கறது அதைவிட மோசம். ஆவணங்கள்ல இருக்கிற பழைய இனச் சொற்களைப் பத்தி முன்னாடியே ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க.

சரி, நீங்க கேட்காத ஒரு கேள்வி: 381 நாள் பஸ் ஏறாதவங்க வேலைக்கு எப்படிப் போனாங்க? சுமார் 300 கார், ஆள் ஏத்த இறக்கக் குறிச்ச இடங்கள், தேவாலயங்கள் பேர்ல வாங்கின வண்டிகள். அந்த வண்டிகளோட இன்ஷூரன்ஸைக் கம்பெனிக்காரங்க ரத்து பண்ணினாங்க. கடைசியில புறக்கணிப்பு நடத்தினவங்க லண்டன் லாய்ட்ஸ்ங்கற இன்ஷூரன்ஸ் சந்தையில போய் எடுத்தாங்க. இந்தப் பகுதிக்குக் கணக்கு ஆசிரியரையும் இழுத்துப் போட்டுக்கோங்க.