பெட்டிச் சாவியும் ஐந்தொகையும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, சிறு வயதிலேயே கப்பலேறிப் பர்மாவுக்குப் போனவர். ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடைசியில் மேலாளாக இருந்து ஊர் திரும்பினார். கடை அங்கே, முதல் போட்டவர் இங்கே செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில். கடலுக்கு அந்தப் பக்கம் தன் பணம் என்ன ஆகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தபாலில் வருகிற ஐந்தொகைதான், அதாவது கடையின் சொத்தும் கடனும் காட்டும் கணக்குத்தான், அவருக்குக் கண். அது ஒரு கப்பல் தவறினாலும் காரணம் கேட்டுத் தந்தி வந்துவிடும் என்று ஐயா சொல்வார்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத் தணிக்கையில் வேலை பார்த்தவன் நான். அந்த முதலாளியின் இடத்தில் இன்று இருப்பது மக்கள்தான். ஒரு சோப்புக்கட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம். அந்தப் பணம் போன வழியை நம் சார்பில் சரிபார்க்கிறவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், சுருக்கமாக சி.ஏ.ஜி. அரசியலமைப்பில் 148 முதல் 151 வரை நான்கு பிரிவுகள் அவரைப் பற்றியவை. 1949 மே 30 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவராகத்தான் இருப்பார் என்றார்.

அவருடைய ஆங்கிலப் பதவிப் பெயரில் 'கம்ப்ட்ரோலர்' என்றொரு சொல் உண்டு. பணத்தைத் திறந்துவிடும் கட்டுப்பாடு உள்ளவர் என்று பொருள். பிரிட்டனில் அவர் ஒப்புதல் தராமல் கருவூலப் பணம் வெளியே போகாது. நம் ஊர் வழக்கில் சொன்னால், பெட்டிச் சாவி அவர் கையில். இந்தியாவில் பெயர் மட்டும் வந்தது, சாவி வரவில்லை. இங்கே செலவு முடிந்த பிறகுதான் தணிக்கை. நடந்ததைப் பார்த்து எழுதலாம், நடக்கப்போவதை நிறுத்த முடியாது.

அதனால்தான் எழுதுகிறவர் பயமில்லாமல் எழுதவேண்டும் என்று இவ்வளவு பாதுகாப்பு வைத்தார்கள். பதவிக்காலம் 6 ஆண்டு, அல்லது 65 வயது வரை, எது முந்துகிறதோ அதுவரை. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே முறையில்தான் அவரை நீக்க முடியும். ஓய்வுக்குப் பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் என் பார்வையில் மற்றதை எல்லாம் விடப் பெரியது. நாளைக்கு ஒரு நாற்காலி கிடைக்கும் என்ற நினைப்பு வந்தாலே பேனா தயங்கும்.

தணிக்கை என்றால் திருடனைப் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்த ஒரு கண்மாயைச் சொல்கிறேன். மடையைப் புதுப்பித்திருந்தார்கள். ஒப்புதல் உண்டு, வவுச்சர் உண்டு, செய்த வேலையின் அளவைப் பதிகிற எம் புக்கில் வரிக்கு வரி அளவு சரி. ஒரு ரூபாயும் களவு போகவில்லை. துறை அதிகாரிகளோடு கூட்டு ஆய்வுக்குக் கரையில் போய் நின்றோம். மடை புத்தம்புதிதாக இருந்தது. வரத்துக் கால்வாயோ பாதியிலேயே நின்றிருந்தது, மீதியை வெட்டவே இல்லை. கூடவே நடந்துவந்த பெரியவர் ஒருவர், "மடை நல்லாத்தான் இருக்கு தம்பி. தண்ணி வந்தாத்தானே திறக்கணும்?" என்றார். மழைநீரை நம்பியே ஊருணியும் கண்மாயும் வெட்டி வைத்த சீமை இது. அவர் கேட்டதைத்தான் செயல்திறன் தணிக்கை என்று நாங்கள் சொல்கிறோம். செலவு கணக்கில் சரியாக இருக்கிறதா என்பதோடு அது நிற்காது. எதற்காகச் செலவழித்தார்களோ அது நடந்ததா என்றும் கேட்கும்.

சரி, கண்ட குறையைக் கேள்வியாக, அதாவது தணிக்கைத் தடையாக, எழுதியாயிற்று. அப்புறம்? துறை பதில் தரவேண்டும். பதில் போதாவிட்டால் அறிக்கையில் ஏறும். மாநில அறிக்கை ஆளுநருக்குப் போய், அவர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வரும், பிறகு உறுப்பினர்கள் சிலர் அடங்கிய பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும். நாடாளுமன்றத்தில் 1967 முதல் அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர் தலைவராக இருப்பது நல்ல மரபு. ஆனால் அறிக்கையை எத்தனை நாளுக்குள் அவையில் வைக்கவேண்டும் என்று 151ஆம் பிரிவு சொல்லவில்லை. எனக்கு இது தீராத மனக்குறை. காலம் கடந்து வருகிற அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் மாறிப்போயிருப்பார்கள், ஓய்வும் பெற்றிருப்பார்கள். ஒரு கப்பல் தவறியதற்கே தந்தி கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். இதற்கு ஒரு கெடு வையுங்கள் என்று நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம்.

அவையில் வைத்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் சி.ஏ.ஜி. இணையதளத்தில் காசில்லாமல் படிக்கலாம். அந்தக் கண்மாய் பற்றிய பத்தி வெளிவந்த பிறகு, அந்தப் பக்கம் போனபோது பெரியவரைத் தேடிப்பிடித்துப் படித்துக் காட்டினேன். முழுதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: "கால்வாய எப்ப வெட்டுவாக?"

வணக்கம்.